தைல மரம் எது, தைலம் எது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வெளியான உதகைப் பயணக் கட்டுரையில், தைலப் புட்டி ஒன்று வாங்காமல் மலையிறங்குபவர்கள் குறைவு என்று போகிற போக்கில் ஒரு வரி வந்திருந்தது. கட்டுரைக்கு வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே அதிகம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊரைச் சுற்றிலும் தைல மரக் காடுகள்தாம். இலையைக் கசக்கினால் வாசனை வருகிறது; ஆனால் உதகையில் வாங்கிய தைலத்தின் நெடி அதில் இல்லை. இரண்டும் ஒரே மரம்தானா? உதகையில் ‘கற்பூர மரம்’ என்கிறார்களே, அது வேறா?
– புதுக்கோட்டை வாசகர்

ஒரே மரமன்று. யூகலிப்டஸ் என்பது தனி மரம் ஒன்றின் பெயரல்ல. எழுநூறுக்கும் மேற்பட்ட இனங்களை உள்ளடக்கிய ஒரு பேரினத்தின் பெயர். அவற்றில் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டவை. உங்கள் மாவட்டத்தில் வரிசை வரிசையாக நிற்பவை பெரும்பாலும் யூகலிப்டஸ் டெரெட்டிகார்னிஸ், யூகலிப்டஸ் கமால்டுலென்சிஸ் என்னும் இனங்களும் அவற்றின் கலப்புகளும் ஆகும். காகிதக் கூழுக்காகவும் கம்புக்காகவும் வளர்க்கப்படும் இவை, வெயிலையும் வறண்ட செம்மண்ணையும் தாங்கிச் சில ஆண்டுகளிலேயே வெட்டுக்கு வந்துவிடுகின்றன. இவற்றின் இலையிலும் எண்ணெய் உண்டு. ஆனால் அளவு குறைவு, சேர்க்கையும் வேறு.

உதகையில் தைலம் காய்ச்சுவது யூகலிப்டஸ் குளோபுலஸ் என்னும் இனத்திலிருந்து. ஆங்கிலத்தில் இதற்கு ‘புளூ கம்’ என்று பெயர். ஆஸ்திரேலியாவின் தென்கோடியிலுள்ள டாஸ்மேனியாத் தீவும் அதற்கு எதிரேயுள்ள விக்டோரியாவின் குளிர்ந்த பகுதிகளும் இதன் சொந்த ஊர். 1792-இல் டாஸ்மேனியாவின் தென்கரையில் இதைச் சேகரித்த லாபிலார்தியேர் என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1800-இல் இதற்குப் பெயரிட்டார். குளிரும் மழையும் மூடுபனியும் வேண்டும் மரம் என்பதால் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் செழிக்கிறது; புதுக்கோட்டையில் நட்டால் பிழைக்காது.

இம்மரத்தை நேரில் அடையாளம் காண்பதில் ஒரு வேடிக்கை உண்டு. கன்றும் மரமும் ஒரே இனம் என்று முதல் பார்வையில் யாரும் நம்ப மாட்டார்கள். கன்றின் தண்டு நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் காம்பே இல்லாமல் எதிரெதிராகத் தண்டைத் தழுவி நிற்கும். அவற்றின்மேல் விரலால் தேய்த்தால் அழிந்துபோகும் நீலச் சாம்பல் நிற மெழுகுப் பொடி படிந்திருக்கும். வளர்ந்த மரத்திலோ இலைகள் அரிவாள்போல் வளைந்து, ஒரு சாண் நீளத்துக்குப் பளபளப்பான பச்சையாய்த் தொங்கும். எந்த இலையானாலும் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஊசியால் குத்தியதுபோல் ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். அவைதாம் எண்ணெய்ச் சுரப்பிகள். பூ மொட்டின் தலையில் மருமருவாக ஒரு மூடி இருக்கிறது. மொட்டு விரியும்போது அந்த மூடி அப்படியே கழன்று விழ, உள்ளிருந்து வெண்ணிற மகரந்தத் தாள்கள் குஞ்சம்போல் வெளிப்படும். ‘நன்றாக மூடப்பட்டது’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களிலிருந்து யூகலிப்டஸ் என்னும் பெயர் உருவானது இந்த மூடியால்தான்.

‘கற்பூர மரம்’ என்பது நீலகிரி மக்கள் இதே மரத்துக்கு வாசனையை வைத்துச் சூட்டிய பெயர். உண்மையான கற்பூரம் தரும் மரம் இலவங்கப்பட்டையின் உறவு. சீனா, ஜப்பான் பக்கத்தது. யூகலிப்டஸோ நாவல் மரத்தின் குடும்பம். இரண்டுக்கும் உறவு இல்லை.

இலையிலிருந்து தைலம் எப்படி எடுக்கிறார்கள்? எவ்வளவு இலைக்கு எவ்வளவு தைலம் கிடைக்கும்?
– ஈரோடு வாசகி

வாலை வடித்தல் என்று நம் பழைய வைத்தியர்கள் சொன்ன முறைதான். பெரிய உலோகக் கலத்தில் இலையைத் திணித்து, அடியில் நீரை வைத்தோ வெளியிலிருந்து நீராவியைச் செலுத்தியோ சூடாக்குகிறார்கள். நீராவி இலைக்குள் புகுந்து சுரப்பிகளிலுள்ள எண்ணெயையும் ஆவியாக்கி, மூடியில் பொருத்திய குழாய் வழியாக இழுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த நீர் சூழ்ந்த பகுதியைக் குழாய் கடக்கும்போது இரண்டும் மீண்டும் திரவமாகி ஒரு பாத்திரத்தில் சொட்டுகின்றன. தைலம் நீரைவிட லேசானது, நீரில் கரையாதது. ஆகவே மேலே தெளிந்து மிதக்கும். அதை இறுத்துப் பிரித்தால் வேலை முடிந்தது.

தைலத்தின் முதன்மைக் கூறான சினியோல் தனியாகக் கொதிக்க ஏறத்தாழ 176 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். நீராவியோடு சேரும்போதோ 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே அது கிளம்பி வந்துவிடுகிறது. அவ்வளவு வெப்பத்தில் இலை கருகாது, எண்ணெயும் சிதையாது. விறகடுப்பும் ஓடைத் தண்ணீரும் மட்டுமே இருந்த மலைச்சரிவுக் கொட்டகைகளில் இத்தொழில் நடக்க முடிந்ததன் காரணம் இதுதான். காய்ச்சி முடித்த சக்கையைக் காயவைத்து அடுத்த முறைக்கு அடுப்பெரிக்கவும் பயன்படுத்துகிறார்கள்.

கிடைக்கும் அளவு இலையின் வயதையும் பருவத்தையும் ஈரத்தையும் பொறுத்து மாறும். தோராயமாக, நூறு கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோவை ஒட்டித் தைலம் கிடைக்கும் என்று கொள்ளலாம். சாலையோரத்தில் தண்ணீர்ப் புட்டி விலைக்குத் தைலம் விற்பவரைக் கண்டால் இந்தக் கணக்கை மனத்தில் ஓட்டிப் பாருங்கள்.

இதை வணிகமாக்கியவர் ஜோசப் பொசிஸ்டோ என்னும் மருந்தாளுநர். தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் ஃபான் முல்லரின் தூண்டுதலால், விக்டோரியாவில் 1850-களின் தொடக்கத்தில் காய்ச்சத் தொடங்கினார். அவர் முதலில் காய்ச்சியது நம் நீலகிரியில் உள்ள இனத்தை அன்று. இன்று உலகச் சந்தைக்கு வரும் யூகலிப்டஸ் தைலத்தின் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருவதில்லை, நீலகிரியிலிருந்தும் வருவதில்லை, சீனாவிலிருந்து வருகிறது.

சளிக்கு ஆவி பிடிக்கும்போது தைலம் விட்டால் மூக்கடைப்பு உடனே விலகுகிறது. உண்மையில் அது சளியைக் கரைக்கிறதா?
– மதுரை வாசகர்

உங்களுக்குக் கிடைக்கும் சுகம் உண்மை. காரணம்தான் நீங்கள் நினைப்பது அன்று. மூக்கின் உட்புறத் தோலில் குளிர்ச்சியை உணர்வதற்கென்று நரம்பு முனைகள் இருக்கின்றன. புதினாவிலுள்ள மெந்தாலைப்போலவே சினியோலும் அந்த முனைகளைத் தூண்டுகிறது. உடனே, நிறையக் குளிர்காற்று உள்ளே போகிறது என்று மூளை கணக்கிட்டுக்கொள்கிறது. இந்த நெடிகளை முகரச் செய்து, மூக்கின் வழியே போகும் காற்றுக்கு உள்ள தடையைக் கருவியால் அளந்த ஆய்வுகள் 1980-களிலேயே வந்துவிட்டன. மூச்சு தாராளமாகப் போவதாக ஆட்கள் சொன்னார்கள். கருவியில் தடை குறையவில்லை.

அப்படியானால் இது வெறும் ஏமாற்று என்று ஒதுக்கிவிடவும் கூடாது. இரவில் மூக்கடைத்துத் தூங்க முடியாதவருக்கு ‘அடைப்பு விலகிவிட்டது’ என்னும் உணர்வே பாதி நிவாரணம். மேலும், தூய்மைப்படுத்திய சினியோலை வயிற்றைக் கடந்து குடலில் கரையும் உறைமாத்திரையாக்கி, நெற்றிச் சைனஸ் அழற்சிக்கும் மூச்சுக்குழல் அழற்சிக்கும் ஜெர்மனியில் கொடுக்கிறார்கள். அதில் பலன் தெரிந்ததாக மருத்துவ ஆய்வுகளும் உள்ளன. அது அளந்து, தூய்மை பார்த்துத் தயாரித்த மருந்து. புட்டித் தைலத்தைச் சர்க்கரையில் சொட்டி விழுங்குவதற்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

ஆவி பிடிக்கும்போது ஒரு பாத்திரத்துக்கு இரண்டு, மூன்று சொட்டு போதும். அதிகம் விட்டால் அதிகம் பலன் என்று எண்ணி நானே ஒரு முறை கை தாராளமாக விட்டுப் போர்வைக்குள் குனிந்தேன். கண்ணைத் திறக்க முடியாமல் கால் மணி நேரம் குளிர்ந்த நீரில் கழுவ நேர்ந்தது. கண்களை மூடிக்கொள்வதும், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை மடியிலோ கட்டிலிலோ வைக்காமல் அசையாத மேசைமேல் வைப்பதும் முக்கியம். குழந்தைகளுக்கு ஆவி பிடிக்க வைப்பதில் தைலத்தைவிடப் பெரிய ஆபத்து கவிழும் வெந்நீர்தான்.

கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் தைலத்தை மூக்கடியில் தடவுவதும், பெரிய பிள்ளைகளுக்குத் தேனில் ஒரு சொட்டு கலந்து கொடுப்பதும் எங்கள் மாமியார் வழக்கம். இலையிலிருந்து எடுப்பதுதானே, கெடுதல் இருக்குமா?
– திண்டுக்கல் வாசகி

இரண்டையும் இன்றே நிறுத்திவிடுங்கள். மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

இலையிலிருந்து வந்தது என்பது உண்மை. நூறு கிலோ இலையிலுள்ளது ஒரு கிலோவாகச் சுருங்கி வந்தது என்பதும் அதே அளவு உண்மை. இலையை முகர்வதையும் தைலத்தை விழுங்குவதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இரண்டு, மூன்று மில்லிலிட்டர் உள்ளே போனாலே சிறு குழந்தைகளுக்கு மயக்கமும் மந்தமும் ஏற்பட்டிருக்கின்றன. ஐந்து மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி, உயிருக்கே ஆபத்தாகலாம். வாயில் எரிச்சல், வாந்தி, தள்ளாட்டம், தூக்கக் கலக்கம், வலிப்பு என்று வரிசையாக வரும். அதுவும் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள். நீங்கள் சொல்லும் ஒரு சொட்டு அந்த அளவை எட்டாது என்பது சரியே. ஆனால் தேனில் கலந்து இனிப்பாகப் பழகிய குழந்தை, ஒரு நாள் புட்டியைத் தானே எடுத்துக் கவிழ்த்துக்கொள்ளும் வாய்ப்பை எண்ணிப் பாருங்கள். இவ்வகை விபத்துகள் பெரும்பாலும் வீட்டில், திறந்து வைத்த புட்டியால்தான் நேர்கின்றன.

அப்படி நேர்ந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு மேலே வரும் தைலம் மூச்சுக்குழலுக்குள் புகுந்தால் நுரையீரல் பாதிக்கப்படும். வாயைத் துடைத்துவிட்டு, புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்க வேண்டாம். அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துத் தோன்றுவதும் உண்டு.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கடியிலோ முகத்திலோ இதைத் தடவவே கூடாது. இவ்வளவு கூர்மையான நெடி பட்டால் சில குழந்தைகளுக்கு மூச்சுக்குழல் இறுகிக்கொள்ளும். வலிப்பு நோய் உள்ளவர்களும், கடும் நெடி பட்டால் இளைப்பு வரும் ஆஸ்துமாக்காரர்களும் விலகியிருப்பது நல்லது. பெரியவர்கள் மூட்டுவலிக்கும் தசைப்பிடிப்புக்கும் தேய்த்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் நேரடியாக வேண்டாம். ஒரு தேக்கரண்டித் தேங்காயெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ இரண்டு, மூன்று சொட்டுக் கலந்து, புண் இல்லாத தோலில் மட்டும் தேயுங்கள்.

‘சுத்தமான நீலகிரித் தைலம்’ என்று எழுதிய புட்டிகள் பல விலைகளில் இருக்கின்றன. கலப்படத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?
– சேலம் வாசகர்

ஓரளவுக்கு உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தைலம் தானாக ஆவியாகும் பொருள் என்பதால் நாளடைவில் கறை ஏறக்குறைய முழுவதும் மறைய வேண்டும். மறுநாளும் எண்ணெய்ப் பிசுக்குடன் தாள் கண்ணாடிபோல் தெரிந்தால் ஏதோ சமையலெண்ணெயோ கனிம எண்ணெயோ கலந்திருக்கிறது. மண்ணெண்ணெய், டர்பன்டைன் போன்றவை இந்தச் சோதனையில் பிடிபட மாட்டா, ஏனெனில் அவையும் ஆவியாகிவிடும். அங்கே மூக்கையே நம்ப வேண்டும். தைலம் காய்ந்த பிறகு தாளில் எஞ்சும் கடைசி வாசனை பெயின்ட் கடையை நினைவூட்டினால் சந்தேகப்படுங்கள்.

உறுதியாகச் சொல்ல ஆய்வகத்தில் கேஸ் குரோமட்டோகிராபி என்னும் பகுப்பாய்வு வேண்டும். மருந்துத் தரத் தைலத்தில் சினியோல் குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய, பிரிட்டிஷ் மருந்துத் தர நூல்களின் விதி. இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சினியோல் யூகலிப்டஸுக்கு மட்டும் உரியதன்று. சீனத்துக் கற்பூர மரத்தின் சில வகைகளிலிருந்தும் அதைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆகவே, சினியோல் அளவு சரியாக இருந்தாலும் அது நீலகிரி இலையிலிருந்து வந்தது என்பதற்கு அந்த எண் மட்டும் உத்தரவாதமாகாது. லேபிளில் தாவரப் பெயரும் தயாரிப்பாளர் முகவரியும் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘சுத்தமான’ என்னும் அடைமொழிக்கு யாரும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

கொசுவை விரட்ட இந்தத் தைலம் உதவுமா?
– சிதம்பரம் வாசகி

உதகைத் தைலம் அதிக நேரம் உதவாது. நெடி அடங்கியதும் கொசு வந்துவிடும். கொசுவிரட்டிக் களிம்புகளில் பேசப்படும் ‘எலுமிச்சை யூகலிப்டஸ்’ வேறு மரம். அதை 1995 முதல் கோரிம்பியா என்னும் தனிப் பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். அதன் இலையில் சினியோல் முதன்மையன்று. எலுமிச்சை மணம் தரும் சிட்ரொனெல்லால்தான் முதன்மை. அதிலிருந்து பதப்படுத்திப் பெறும் பி.எம்.டி. என்னும் பொருள்தான் பல மணி நேரம் கொசுவைத் தள்ளி வைக்கிறது. மரத்தில் காய்ச்சிய தைலத்தை அப்படியே பூசினால் அந்தப் பலன் கிடைக்காது. பி.எம்.டி. உள்ள களிம்பும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

இந்த மரத்தால்தான் நீலகிரிக்கு அப்பெயர் வந்தது என்று எங்கள் சுற்றுலா வழிகாட்டி சொன்னார். உண்மையா? நிலத்தடி நீரை உறிஞ்சிவிடுகிறது என்பதும் உண்மையா?
– தஞ்சாவூர் வாசகர்

வழிகாட்டி தலைகீழாகச் சொல்லிவிட்டார். போசள மன்னன் விஷ்ணுவர்த்தனன் காலத்து 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டிலேயே நீலமலை குறிப்பிடப்படுகிறது. மரம் வந்ததோ 1843-இல், கேப்டன் காட்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் மூலம். மலையிலிருந்துதான் மரத்துக்குப் பெயர் போயிற்று. இந்தியில் யூகலிப்டஸ் மரத்தையே ‘நீல்கிரி’ என்கிறார்கள்.

கொண்டு வந்தது தைலத்துக்காக அன்று, விறகுக்காக. உதகையில் குடியேறிய ஆங்கிலேயர்களும் படைமுகாமும் குளிர்காயவும் சமைக்கவும் சோலைகளை வெட்டித் தீர்த்தபோது, பத்தாண்டுகளில் விறகாகும் மரம் ஒன்று தேவைப்பட்டது. சோலை மரங்கள் வளர ஒரு மனித ஆயுள் போதாது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே மீண்டும் துளிர்க்கும் கற்பூர மரம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 20-ஆம் நூற்றாண்டில் ஆலைகளுக்கான மரத்தேவையும் சேர்ந்துகொள்ள, தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் பரப்புப் பரப்பாகத் தோட்டங்களாயின.

நீரைப் பற்றி ஊகம் தேவையில்லை, அளவீடே இருக்கிறது. மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் உதகை மையம், கிளென்மார்கனில் அருகருகே உள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதன் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் 1972-இல் இம்மரத்தை நட்டது. முதல் பத்தாண்டுச் சுற்றில், நட்ட பகுதியிலிருந்து ஓடையில் வந்த நீர் ஏறக்குறைய 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பின் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் இழப்பு இன்னும் கூடி 25 சதவீதத்தை எட்டியது. வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்க, துளிர் வேகமாக வளர்ந்ததே காரணம். கோடையில் ஓடை வற்றாமல் காக்கும் ஊற்றுநீர்தான் அதிகம் அடிபட்டது. இது புல்வெளியோடு ஒப்பிட்ட கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. எந்தக் காடானாலும் புல்லைவிட அதிக நீர் குடிக்கும். புல்வெளியாக இருக்க வேண்டிய இடத்தில் இந்த மரத்தை வைத்ததுதான் பிழை.

மரம் நீரை இழுப்பதையே நன்மையாகக் கருதிய காலமும் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ரோம் நகரை ஒட்டிய திரே ஃபொந்தானே மடத்துத் துறவிகள் மலேரியாவை ஒழிக்கச் சதுப்பு நிலத்தில் யூகலிப்டஸை நட்டார்கள். கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம், இலை மணம் அதைத் தூய்மையாக்கும் என்று அன்று நம்பினார்கள். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட பிறகுதான் மணத்துக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பில்லை என்பது தெளிவாயிற்று.

புதுப் பாத்திரத்தில் ஒட்டிய ஸ்டிக்கரின் பிசின் போகவில்லை. தைலம் போட்டால் போகும் என்கிறார்களே?
– நாகர்கோவில் வாசகி

போகும். சினியோல் நல்ல கரைப்பான். வேர்ச் சிகிச்சை செய்த பல்லைத் திறந்து மீண்டும் சரிசெய்யும்போது, உள்ளே அடைத்த கட்டாபெர்ச்சா என்னும் ரப்பர் போன்ற பொருளை இளக்கப் பல் மருத்துவர்களும் இதைப் பயன்படுத்துவதுண்டு. பஞ்சில் நனைத்துப் பிசின்மேல் ஐந்து நிமிடம் வைத்திருந்து துடைத்துவிட்டு, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். எவர்சில்வரிலும் கண்ணாடியிலும் தாராளமாகச் செய்யலாம். பிளாஸ்டிக்கிலும் சாயம் பூசிய பரப்பிலும் மூலையில் சிறிது தடவிப் பார்த்த பிறகு செய்யுங்கள். இது எளிதில் தீப்பற்றும் பொருள். ஆகவே, எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.